சுண்ணாம்புத் தழும்பு

பெரிய வியாழன் சாயங்காலம்
கால் கழுவப்படப் போகிற பன்னிரண்டு பேரில்
நானும் ஒருவன். சபைப் பொருளாளன்.
வீட்டிலேயே இரண்டு தடவை சோப்புப் போட்டேன்,
நகம் வெட்டினேன், பவுடரும் பூசிக்கொண்டேன்.
ஆயர் குனியும்போது நாறக் கூடாதே.

தோட்டப்பாளையத்துக்கு லாரித் தண்ணீர் வந்து நாலு நாள்.
இருந்த ஒரு குடத்தில் பாதி என் காலுக்குப் போயிற்று.
மீதியைச் சுடவைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு
பிரிசில்லா கிளம்பிவிட்டாள்,
ஆஸ்பத்திரிக்குப் பின்சந்து லாட்ஜுக்கு.
வங்காளத்தில் பெயர் எழுதிய லாட்ஜ்.

மூன்றாம் மாடியில் இஸ்ரவேல் அண்ணன் கிடக்கிறான்.
சர்க்கரைக்கு இரண்டு விரல் கொடுத்தாயிற்று,
மிச்சத்துக்கும் நாள் பார்க்கிறார்கள்.
என் கையெழுத்தைத் தானே போட்டு
வாலாஜா வீட்டை விற்றுத் தின்றவன்.
பதினாறு வருஷம்.
அவன் பக்கத்தில் கோடு இழுத்துப்
பேரேட்டை மூடிவிட்டேன்.

"மன்னிப்புக் கேட்டானா?"
முதல் நாள் அவள் திரும்பியதும் கேட்டேன்.
"தண்ணி கேட்டார். குடுத்தேன்" என்றாள்,
செருப்பைக் கழற்றிக்கொண்டே.

ஆராதனையில் ஆயர்
ஆளுக்கு ஒரு கரண்டித் தண்ணீர் விட்டார்.
வெள்ளைத் துண்டு கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.
'வேண்டாம் ஆண்டவரே' என்று பேதுரு சொன்னதை வாசித்தார்கள்.
எங்களில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆட்டோ கிடைக்காத ராத்திரி. அழைத்துவரத்தான் போனேன்.
கதவு ஒருக்களித்திருந்தது.
"நீ தொடக் கூடாதும்மா" என்கிறது அண்ணன் குரல்.
"ஆட்டாதீங்க மாமா, மருந்து சிந்துது."
தரையில் உட்கார்ந்து
மடியில் பழைய புடவை, அதன்மேல் அந்தக் கால்.
நாற்றம் நடைவரை வந்தது.

"இது என்னா, கணுக்காலச் சுத்தி
சாக்ஸ் போட்டாப்பல வெள்ளத் தழும்பு?"

அவன் சுவரைப் பார்த்தான்.
எனக்குத் தெரியும்.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப், சுண்ணாம்புக் குழி,
முழங்கால் ஆழத்தில் ஈரத்தோலை மிதித்த பதினைந்து வயசு.
என் பரீட்சைப் பணம்
சனிக்கிழமைதோறும் அந்தக் குழியிலிருந்து
நனைந்த நோட்டாய் வந்தது.
இந்த வரவை நான் எந்தப் பக்கத்தில் எழுதினேன்?

உள்ளே போய் அதைச் சொன்னேன்.
பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது.

"அப்படியா" என்றாள் பிரிசில்லா,
அடுத்த விரல் இடுக்கைத் துடைத்தபடி.
அவ்வளவுதான்.
அவளுக்கு அது ஒரு காரணமாகப் படவில்லை.
காரணம் இல்லாமலே
பதினோரு நாளாய் வந்துகொண்டிருந்தாள்.
எனக்கோ
குனிவதற்கும் ஒரு ரசீது வேண்டியிருந்தது.

பேசினைத் தூக்கினேன்.
படியருகே கை நடுங்கிச்
சீழ்த்தண்ணீர் என் காலில் சிந்தியது.
பவுடர் வாசனை போயிற்று.

எதிர் அறைக் கதவு திறந்தது.
மால்டாவிலிருந்து புருஷனைக் கூட்டி வந்த பெண்.
என் காலைப் பார்த்தாள்,
ஒரு வார்த்தை இல்லை,
தன் வாளியில் மிச்சமிருந்ததைச்
சாய்த்து ஊற்றினாள்.