பழைய கை எங்கே

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மதுரைக் கோட்டைச் சுவர் இடிகிறது.
ஆவுடைத்தங்கத்துக்கு அதுவா கவலை?
அவளுக்கு அவள் அண்டா வேண்டும்.

சோழவந்தானிலிருந்து வண்டியேறி
வெள்ளியம்பலம் வீட்டுச் சடங்குக்கு
இரவல் வந்த அண்டா.
சடங்கான பெண்ணுக்கே இப்போது இரண்டு பிள்ளை.
'இவ்விடம் யாவரும் க்ஷேமம்.
அவ்விடம் அண்டாவின் க்ஷேமத்துக்கு எழுதவும்'
என்று தொடங்குகிறது ஒன்பதாவது கடிதம்.

அத்தான் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா.
பதிலும் கச்சேரி பாஷையில்தான் வரும்:
'மேற்படி அண்டா விசாரணையில் இருக்கிறது.
அகழி தூர்க்கிற கணக்கு முடிந்தபின் கவனிக்கப்படும்.'
ஊரே தலைகீழாகப் புரள்கிறது.
அதெல்லாம் கடைசி வரியில்,
'மற்றபடி இங்கே தூசி அதிகம்' என்று.

அவளுக்கு எழுத்து தெரியாது.
சொல்லச் சொல்ல எழுதுகிறவர் ஏகாம்பரம்,
வரிக்கு இரண்டு காசு.
வரி நீளட்டும் என்றோ,
கை சும்மா இருக்க மாட்டாமலோ
நடுநடுவே தன் சரக்கையும் சேர்ப்பார்:
'இவ்விடத்தில் அம்மாள் மூக்கைச் சிந்தினாள்.
அதற்குக் கூலி போடவில்லை.'
'அடுத்து வந்த வசவைக் காகிதம் தாங்காதென்று விட்டுவிட்டேன்.
தாங்களே யூகித்து, இரண்டால் பெருக்கிக்கொள்ளவும்.'

இங்கேதான்
ஆரப்பாளையத்தில், மூன்றாவது மாடியில்,
ராத்திரி ஒன்றரை மணிக்கு
தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.
கீழ்வீட்டு நாய் குரைத்தது.
கரண்டு போனது.
செல்போன் வெளிச்சத்தில் பத்தாவது கடிதம்.

இன்பராஜுக்கு மாட்டுத்தாவணி பார்சல் ஆபீஸில் ராத்திரி டூட்டி.
அவர் வரும்போது நான் கிளம்பியிருப்பேன்.
நான் வரும்போது அவர்.
ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில்
நடக்கிறது எங்கள் குடித்தனம்:
'கேஸ் புக் பண்ணு.'
'பண்ணியாச்சு.'

பகலில் அவரும் படிக்க ஆரம்பித்தார்.
ஒரே புத்தகத்தில் இரண்டு அடையாளம்,
என்னுடையது பஸ் டிக்கெட்,
அவருடையது பார்சல் ரசீது.
ரசீது டிக்கெட்டைத் துரத்திக்கொண்டே வந்தது.
ஒருநாள் ஃபிரிட்ஜில்:
'வெள்ளியம்பலத்தின் மேல் தப்பில்லை.
கொடுக்கும்போதே இவள் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.'
நூற்றெண்பது வருஷத்துப் பழைய அண்டாவுக்காக
இரண்டு நாள் நான் சீட்டே வைக்கவில்லை.

பிறகு நாற்பத்தோராம் கடிதம்.

அதில் ஒரு பிழையில்லை.
'அண்டாவை அனுப்பவும். தாமதம் வேண்டாம்.'
யாரும் மூக்கைச் சிந்தவில்லை.
எந்த வசவும் விடுபடவில்லை.
ஆறே வரி. பன்னிரண்டு காசு.
வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இத்தனை நாள் ஆவுடைத்தங்கம் ஆவுடைத்தங்கம் என்று
நான் சிரித்ததில் பாதி அவர்.
எந்தப் பாதி?
திரும்பப் புரட்டிப் பார்த்தேன். பிரிக்க வரவில்லை.

அத்தானுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.
கச்சேரி பாஷை இல்லாமல்
அவர் எழுதிய முதல் வரி:
'பழைய கை எங்கே?'
அந்தக் கடிதம் வந்த வண்டியிலேயே
வைக்கோல் சுற்றி, கவிழ்த்து வைத்து, அண்டா.

இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது.
மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.
மேலவெளி வீதியில் பஸ் நகரவே இல்லை.
அகழி இருந்த இடமெல்லாம் ஹார்ன்.
பக்கத்து சீட்டுக்காரர் யாரிடமோ போனில்
'வந்துட்டேன், வந்துட்டேன்' என்று
வராமலே சொல்லிக்கொண்டிருந்தார்.
அவர் குரலுக்கு அடியில் ஏகாம்பரம் என்ன எழுதுவார்
என்று யோசித்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டேன்.

சாயங்காலம் ஃபிரிட்ஜில்
பேனா அழுத்தி எழுதிய சீட்டு:

'பால் ஒரு பாக்கெட் குறைகிறது.
தோசைமாவு புளித்துவிட்டது.
நாற்பத்தொன்று முடித்தேன்.
இவ்விடத்தில் எழுதுகிறவன் மூக்கைச் சிந்தினான்.
கூலி வேண்டாம்.'

மாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன்.
புளித்துத்தான் இருந்தது.