ஆணி மட்டும்

நான்காம் வாரத்தில் கரண்ட் போனது.
பேக்கரி பெஞ்சில் நாலு பேரை உட்காரவைத்துவிட்டு
ஓரத்தில் நின்றவனுக்கு நிழல் போட மறந்தேன்.
அவ்வளவுதான் நடந்தது.

பகலில் எனக்குச் சோலி வேறு.
திருப்பூரில், அவிநாசி ரோட்டுக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர்.
ஜெர்மனிக்காரன் கேட்ட பச்சை இந்தப் பச்சைதான் என்று
மூணு தடவை சாயம் காட்டிக் கையெழுத்து வாங்கி
கப்பல் ஏறும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி
நூல் வாங்குகிற வேலை.
செவ்வாய் ராத்திரி மட்டும்
பன்னிரண்டு பக்கம், கறுப்பு மசி,
முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது.

நாற்பத்தொன்றாம் வாரம்
கதை எழுதும் சென்னியப்பன் காங்கேயத்திலிருந்து கூப்பிட்டார்:
"முட்டுச்சந்துங்க. யாரையாச்சும் கொன்னுபோடலாங்களா?"
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
நிழல் இல்லாதவன் டீ கிளாசோடு அங்கேயே நின்றிருந்தான்,
முப்பத்தேழு வாரமாக,
கூப்பிடுவார்கள் என்று தெரிந்தவன் மாதிரி.
"கொல்ல வேண்டாங்க. ஒருத்தன் முன்னாடியே செத்துட்டானுங்க."

கடிதங்கள் குவிந்தன.
அப்பவே முடிச்சுப் போட்டுட்டீங்களே!
நான்காம் வாரத்தில் சிவப்பு வட்டம் போட்டு
எனக்கே திருப்பி அனுப்பினார்கள்.
பெருந்துறையில் ஒரு வாத்தியார்
அந்த நிழலின்மை பற்றி ஆறு பக்கம்.
ஆமாங்க, என்றேன் எல்லோருக்கும்.
பொய்தான். ஆனால் சொல்லச் சொல்ல
திட்டம் போட்டதாக லேசாக ஞாபகம்கூட வந்தது.

சாயப்பட்டறையில் கேளுங்கள்:
ஷேடு தப்பிய லாட்டை வெளுக்கப் போனால் துணி நைந்துவிடும்.
கறுப்பில் முக்கிவிடுவார்கள்.
போட்டுக்கொள்கிறவனுக்கு அது பிறவிக் கறுப்பு.

இதையும் சொல்லிவிடுகிறேன்.
முதல் வாரத்திலேயே நிஜமாக ஒன்றை நட்டுவைத்திருந்தேன்.
கதவோரம் ஓர் ஆணி, ஆணியில் பித்தளைச் சாவி.
எந்தப் பூட்டு, திறப்பது யார், திறந்ததும் அழுவது யார்,
எல்லாம் நோட்டில் இருந்தது.
கதை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.
வீடு மாறியபோது நோட்டும் தொலைந்தது.
கை மட்டும் வாராவாரம்
சாவியை வரைந்துகொண்டே இருந்தது.
ஒருத்தரும் கேட்கவில்லை.

நேற்று கவுந்தப்பாடியிலிருந்து ஒரு தபால்.
மௌலிகா, ஒன்பதாம் வகுப்பு.
செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அந்தச் சாவி எதுக்குங்க?

இன்றைக்குச் செவ்வாய். கரண்ட் இருக்கிறது. மணி ரெண்டே கால்.
சென்னியப்பன் தூங்கியிருப்பார்.
கதவை வரைந்தேன். ஆணியை வரைந்தேன்.
ஆணிக்குக் கீழே, சுவரில்,
சாவி ஆடி ஆடித் தேய்த்த கோடு.

எடுத்தது யார் என்று
அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.