கம்பிக்குக் காலுறை

வால்பராய்சோவின் மேடுகளில்
எனக்கு முன்னால் என் கம்பி வந்து சேரும்.
சிலிண்டரின் விலாவில் மூன்று அடி,
ஒரு மூச்சு,
மறுபடி மூன்று.
படிக்கட்டின் உச்சியில் ஜன்னல்கள் திறக்கும்:
"நிபால்டோ, பதினைந்து கிலோ, ஒன்று!"
பத்தொன்பது வருடமாக இதுதான் என் குரல்.

மஞ்சள் தகரவீட்டில் மட்டும்
ஜன்னலுக்கு முன்பாக
கட்டிலுக்கடியில் நகங்கள் தரையைக் கீறும்.
ஒருநாள் எதெல்மிரா கதவைத் திறந்து கேட்டாள்:
"நீங்கள் கொஞ்சம் குறைவாக இருக்க முடியுமா?"
குறைவாக அடிக்க அல்ல.
குறைவாக இருக்க.

மீன்சந்தை ஓரம் கிடைத்த நாயாம். பெயர் தீசா.
சுண்ணக்கட்டி நிறம், காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு.
யார் எதை எதன்மேல் அடித்தார்களோ,
அதை நாயிடம் கேட்க முடியாது.

நான் எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன்.
எங்கள் சிலிண்டர் கிடங்கில்
ஒரு கறுப்பு நாயை லாரிச் சக்கரத்தில் கட்டிவைத்தோம்.
பத்து நாள் குரைத்தது. பிறகு சத்தமே இல்லை.
பழகிவிட்டது என்றேன்.
"பழகவில்லை," என்றாள், "கைவிட்டுவிட்டது."
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, வியாழக்கிழமைகளில், என் சாப்பாட்டு வேளையில்,
எண்பத்திரண்டு படி கீழே, யூகலிப்டஸ் மரத்தடியில்,
கம்பிக்கு ஒரு சாம்பல்நிறக் கம்பளிக் காலுறை மாட்டி
ஒரே ஒரு அடி.
மேலே அவள் கையிலிருந்து
வேகவைத்த கோழி ஒரு துணுக்கு விழும்.
முதலில் ஒலி, பிறகுதான் கோழி.
மாறிப்போனால்
கோழியைக் கண்டாலே நடுங்க ஆரம்பிக்கும் என்றாள்.

ஜன்னலில் வெள்ளைத் துண்டு தொங்கினால்
அடுத்த வாரம் ஒரு படி மேலே.
நீலத் துண்டு என்றால் ஐந்து படி கீழே.
ரொட்டிக்கடை ஒஸ்வால்தோ தெருவெல்லாம் சொன்னான்:
"நிபால்டோ நாய்க்குக் கச்சேரி வைக்கிறான்,
சம்பளம் ஒரு துண்டு!"

அறுபது. ஐம்பத்துமூன்று. நாற்பத்தொன்று.
ஆகஸ்டில் நிலம் ஒருமுறை தோளைக் குலுக்கியது.
பெரிதாக ஒன்றுமில்லை, கோப்பைகள்கூட உடையவில்லை.
ஆனால் என் லாரியில் முப்பது சிலிண்டர்களும்
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அலறின.

நீலத் துண்டு.
அடுத்த வியாழன், நீலத் துண்டு.
திரும்பவும் யூகலிப்டஸ்.

ஒளிப்பானேன், எனக்குக் கோபம் வந்தது.
காலுறையை உருவி ஓங்கி ஒன்று வைத்துவிட்டு
வேலையைப் பார்க்கப் போகலாம் என்றிருந்தது.
பணம் வாங்க மேலே போனேன்.
எதெல்மிரா தரையில் மல்லாந்து படுத்திருந்தாள்,
கட்டிலுக்குப் பக்கத்தில், உள்ளே எட்டிப் பார்க்காமல்.
மின்சார ரசீதைத் தாழ்ந்த குரலில்
வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தாள்.
நிலுவைத் தொகை வரை வந்தபோது
ஒரு வெள்ளை மூக்கு வெளியே நீண்டது.
அவள் அதைத் தொடவில்லை.
அபராதத்தையும் வாசித்தாள்.

புத்தாண்டு இரவில்
விரிகுடா முழுதும் வாணம் வெடிக்கும்.
முந்தின நாளே தீசாவோடு
தங்கை வீட்டுக்கு, மலைக்கு அப்பால் போய்விட்டாள்.
"எல்லாப் பயத்தையும்
ஒரே வருடத்தில் கேட்கக் கூடாது."

ஏப்ரலில் காலுறை நைந்து ஓட்டை விழுந்தது.
ஒன்பதாவது படியில் நின்று நான் கவனிக்கவில்லை.
இரும்பு இரும்பாகவே ஒலித்தது.

வாசலில் தீசா நின்றிருந்தாள்.
காதுகள் கழுத்தோடு ஒட்டின.
முன்னங்கால் ஒன்று அந்தரத்தில்.
ஓடுவதற்கான எல்லாமும் அந்த உடம்பில் தயார்.
பிறகு தலை மட்டும் திரும்பியது,
என் பக்கம் அல்ல,
எதெல்மிராவின் கைப்பக்கம்:
எங்கே என் கோழி?

வால் ஆடியது என்று சொல்லமாட்டேன்.
தொடை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது,
மெல்லும்போதுகூட.

இப்போது மேடு முழுக்க மெதுவாகத்தான் அடிக்கிறேன்.
உச்சிவீட்டில் இரண்டு வாடிக்கைகள் போய்விட்டன.
போகட்டும்.
போன வாரம் வேறொரு தெருவில்,
நாயே இல்லாத தெருவில்,
வழக்கம்போல் கம்பியைத் தட்டினேன்.
அடித்த கணமே
என் வாயில் எச்சில் ஊறியது.