சோப்பு நீர்ச் சோதனை

இந்தக் கிணற்றில் வாளி இறங்காது.
எட்டிப் பார்த்தால் முகம் தெரியாது.
ஆல்பர்ட்டாவின் கனோலா வயல் நடுவே
இடுப்பளவு உயர்ந்த துருக்குழாய்,
சுற்றிலும் மூன்று தப்படிக்குப்
புல் மறுத்த வட்டம்.

நேற்றுத் தூறியது, பேருக்கு.
குழாயடியில் தேங்கிய உள்ளங்கைத் தண்ணீரில்
ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று எனக்
குமிழி.
"மீன் இருக்கிறதா?" என்கிறான் புதுப் பையன் ரைலன்.

தோண்டிய கம்பெனிக்குப் பதிவேட்டில் மூன்று பெயர்கள்.
ஒன்றை ஒன்று விழுங்கி,
கடைசியாய் விழுங்கியது செரிக்காமல் செத்தது.
கால்கரியில் ஒரு தபால்பெட்டி எண் மிச்சம்.
அரசாங்கம் இதை அநாதைக் கிணறு என்கிறது.
அப்பன் பெயர் தெரியாதாம்.
அந்தக் குளிரில் சூடேற்றிய வீடுகள்,
சரக்கு லாரிகள், என் முதல் கார்,
ஆட்டம் முடிந்தும் அணைக்காத
ஐஸ் ஹாக்கி மைதானத்து விளக்குகள்.
ஊர் முழுக்க அப்பன்.

சொல்லிவிடுகிறேன்:
தோண்டிய கூட்டத்தில் நானும் இருந்தேன்.
இருபத்திரண்டு வயது. இரவுப் பணி.
மைனஸ் முப்பத்தொன்று.
வாயு ஏறியதும் கத்தினோம்.
யாரோ கொளுத்திய சுடரில்
மைல் தூரத்துக்குப் பனி ஆரஞ்சு நிறமானது.
அழகாய்த்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
அந்தச் சம்பளத்தில்
பல் கட்டிக்கொண்டேன், வீட்டுக்கு முன்பணம் கட்டினேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்.
அன்று கிளம்பவில்லை.
பொறுத்திருந்தது. நிறமில்லை, மணமில்லை,
சிமென்ட்டில் நூலிழை விரிசல் போதும் அதற்கு.
இருபது வருடக் கணக்கில்
கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு
சூட்டைப் பிடித்துவைக்கும் பூதம்.

ஆர்லோ வீபே வேலியோரம் நிற்கிறார், வயல்காரர்.
பருவம் மாறுகிறது என்ற பேச்சு அவருக்கு ஆகாது.
"வானம் என்றைக்கு மாறாமல் இருந்தது, மார்வா?"
மூன்றாவது கோடையாய் அவருடைய குட்டை வறண்டு
மாடுகளில் பாதி ஏலத்துக்குப் போயாயிற்று.
வடக்கே காடெரியும் புகையில்
நண்பகல் சூரியன் செப்புக்காசு,
கண் கூசாமல் பார்க்கலாம்.
இருவரும் பார்க்கிறோம்.
அதைப் பற்றிப் பேசவில்லை.
ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றித் தருகிறார்.

அதே கோபுரம், அதே விஞ்ச், அதே கைகள்.
அன்று இறக்கிய குழாயை இன்று ஏற்றுகிறேன்.
எண்ணூறு மீட்டர் ஆழத்தில் முதல் அடைப்பு.
சிமென்ட் மூட்டை, களிமண், காத்திருப்பு,
மேலே இன்னொரு அடைப்பு.
பம்ப் ஓடுவது டீசலில்.
ரைலன் கவனித்துவிட்டான், சொல்லவும் செய்தான்.
முள்ளை முள்ளால் எடுக்கிறோம் என்றேன்.
எடுத்த முள்ளை எங்கே போடுவது என்றான்.
பதில் இல்லை. மூட்டையைத் தூக்கச் சொன்னேன்.
மேட்டில் எட்டுக் காற்றாலைகள்,
இன்று ஐந்து சுழல்கின்றன.

மறுநாள் காலை
குழாய் வாயில் சோப்பு நீரைப் பிரஷ்ஷால் தடவிக்
குந்தி உட்கார்ந்தோம்.
பத்து நிமிடம் பார்க்க வேண்டும் என்பது விதி.
நாலாம் நிமிடம் ஒரு குமிழி எழும்ப
மூச்சு நின்றது.
என் நெற்றி வியர்வை விழுந்ததுதான்.
பிறகு எதுவும் இல்லை.
எதுவும் நடக்காததை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

"மேலே விதைக்கலாமா?" ஆர்லோ.
ஒரு மீட்டர் ஆழத்தில் வெட்டி,
மூடி பற்றவைத்து, மண் தள்ளியபின்.
முதல் வருடம் சரியாக முளைக்காது.
"பரவாயில்லை" என்று
புல் மறுத்த வட்டத்தைப் பூட்சால் தட்டிப் பார்க்கிறார்,
மாட்டின் விலாவைத் தட்டுவதுபோல.

பட்டியலின் முதல் பக்கத்தில் இது பதினேழாவது.
மொத்தம் எத்தனை பக்கம் என்கிறான் ரைலன்.
எண்ணிக்கொள் என்று அவனிடமே கொடுத்துவிட்டுப்
பிரஷ்ஷைக் கழுவுகிறேன்.