பதினைந்து ஆம்பியர்

போன வைகாசியில், கருமாத்தூர் தாண்டி
வண்டி நின்றுவிட்டது.
பின்னால் ஃப்ரீசர் பெட்டி, காலியாக.
எழுமலையில் ஒரு வீடு அதற்காகக் காத்திருந்தது.
சோணைமுத்து சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்து
"பெல்ட்டு போச்சுக்கா" என்றான்.
செல்லூரில் உட்கார்ந்து
தெரிந்த எண்ணையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன்.
அந்த வீட்டுப் பெண் பதினோரு முறை அழைத்தாள்.
பன்னிரண்டாவது முறை அழைக்கவில்லை.
மீன்கடைக்காரரை எழுப்பி
ஐஸ் வாங்கியிருக்கிறார்கள்.

விடிந்து பெட்டி போய் இறங்கியபோது
யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லையாம்.
வாடகையைக்கூடக் குறைக்கவில்லை.
திட்டியிருந்தால்
இந்தக் கணக்கெல்லாம் போட்டிருக்க மாட்டேன்.

கேஸ் பில்லின் முதுகில்
ரெண்டு கோடு கிழித்து மூன்று கட்டம்.

முதல் கட்டம், இன்சூரன்ஸ் தெய்வநாயகம் சொன்னது.
பாலிசியோடு சேர்த்தால் முந்நூற்றுச் சொச்சம்தான்.
பொடி எழுத்தை மெடிக்கல் கடைப் பையன் வாசித்தான்:
மஞ்சள் பலகை வண்டிக்குப் பொருந்தாது.
தெய்வநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தது பெரிய கம்பெனி.
விளம்பரத்தில் மழை பெய்கிறது, குடும்பம் சிரிக்கிறது.
வருடத்துக்கு நாலு இழுவை இலவசம்,
ஐம்பது கிலோமீட்டர் வரைக்கும்.
ஐம்பத்தோராவது கிலோமீட்டரில் இருப்பவர்
சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும்.

மூன்றாவது, பெயர் வாயில் நுழையாத புதுக் கம்பெனி.
ஆயிரத்து நானூறு.

கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
செக்கானூரணி ஒச்சப்பன்.
சந்தா கிடையாது, ஒரு டீ போதும்.
தூங்கிவிட்டால் போனை எடுக்க மாட்டார்.
அன்றைக்குத் தூங்கிவிட்டார்.

பகலில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.
அதனால் ராத்திரி இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து,
நிற்காத வண்டியை நிற்கிறதென்று சொல்லிக் கூப்பிட்டேன்.
வண்டி வாசலில்தான் கிடந்தது,
மேலெல்லாம் வேப்பம்பழம்.

பெரிய கம்பெனி இந்திக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது.
தமிழுக்கு ஏழு.
ஏழுக்கு அப்புறம் பதினாறு நிமிடம் வீணை.
அப்புறம் ஒருவன் பின்கோடு கேட்டான்.
ஆண்டிபட்டிக் கணவாயில் எந்தப் புளியமரத்தில்
பின்கோடு எழுதியிருக்கிறது?

புதுக் கம்பெனியில் ரெண்டாவது மணியிலேயே எடுத்தாள்.
தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.
மெம்பர் எண் கேட்கவில்லை. இடம் கேட்கவில்லை.
"மேடம், பத்திரமான இடத்துல இருக்கீங்களா?
கூட யாராச்சும் இருக்காங்களா?"

தாளில் அச்சடித்துக் கொடுத்த கேள்விதான், தெரியும்.
அந்த ராத்திரியிலேயே பத்துப் பேரிடம் கேட்டிருப்பாள்.
ஆனாலும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.
சுவரோரம் நாலு பெட்டிகள்
ப்ளக் பிடுங்கிக் கிடந்தன.
"சும்மாதான்மா கூப்பிட்டேன், வண்டி நல்லாருக்கு" என்றேன்.
"நல்லதுதான மேடம்" என்று வைத்தாள்.

பணம் கட்டியாயிற்று.
நிபந்தனை பதினெட்டு சொல்கிறது,
வண்டியில் ஏற்றியிருப்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல.
சரி, அதற்கு யார்தான் பொறுப்பு.
சோணைமுத்து ஸ்டிக்கரைக் கண்ணாடியில் கோணலாக ஒட்டினான்.
ஒச்சப்பன் எண்ணை அழிக்கவில்லை.
அதற்குப்பின் வண்டி ஒருதரம்கூட நிற்கவில்லை,
ஆயிரத்து நானூறும் தண்டம் என்கிறான் மகன்.

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு அழைப்பு.
திருமங்கலம், ஆண்குரல்.
"பெட்டி வேணும்" என்றது, நின்றுவிட்டது.
ஒன்பது வருடமாக என் முதல் கேள்வி ஒன்றுதான்:
ப்ளக் பாயின்ட் பதினஞ்சு ஆம்பியரா?
அது வாய்வரைக்கும் வந்தது.
"கூட யாராச்சும் இருக்காங்களா தம்பி?"

வெகுநேரம் அந்தப் பக்கம்
ஃபேன் ஓடும் சத்தம் மட்டும்.

"இல்லக்கா."

சோணைமுத்துவை எழுப்பினேன்.
நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.
கப்பலூர் டோல்கேட்டில் சில்லறை எடுக்கும்போதுதான்
ஞாபகம் வந்தது,
ப்ளக்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.