திங்கள், புதன், சனி

நெய்னாவின் வீட்டில் மாடிப்படி ஏறும்போதுதான்
திரை போகிறது.
சில நாள் ஏழாம் படி, சில நாள் ஒன்பது.
முதலில் கறுப்பு.
அப்புறம் கார்டின் விசிறி மூன்றும்
எதையோ துரத்துகிற மாதிரி இரையும்.
அந்த இரைச்சலில்தான் தினமும் விழிக்கிறேன்.
பவர் பொத்தானை ஐந்து எண்ணும்வரை அமுக்கினால்
அடங்கும்.

அந்த வீடு இன்னும் கட்டப்படவில்லை.
மண்டபத்தில் ரயில்வே கேட் தாண்டி
உடைமரம் நிற்கும் ஆறு சென்ட் மணல் அது.
நெய்னா ஷார்ஜாவில் இருக்கிறார்.
கல் வைப்பதற்கு முன்னால்
ஒருதடவை உள்ளே நடந்து பார்க்கணும்,
மாடியில் நின்றால் கடல் தெரியுமா என்கிறார்.
தெரியும் காக்கா, என்கிறேன்.
நானே இன்னும் மாடிக்குப் போய்ச் சேரவில்லை.

படியில்தான் கோளாறு என்று
கைப்பிடிக் கம்பிகளை அழித்து வரைந்தேன்.
கிரானைட்டை எடுத்துவிட்டு வெறும் சிமெண்ட் பூசினேன்.
டிரைவரை நீக்கிப் பழையதைப் போட்டேன்,
பிறகு அதற்கும் பழையதை.
சூடு எழுபத்தொன்று; காய்ச்சல் இல்லை.
நேரத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்,
ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குக் குறிப்பதுபோல.

ஏப்ரல் பதினான்கு ராத்திரி கார்டைக் கழற்றினேன்.
தங்கப் பற்களில் உப்புக்காற்று பச்சை கட்டியிருந்தது.
ஐந்து ரூபாய் ரப்பரால் தேய்த்தேன்.
கறுப்பு கறுப்பாய்ச் சுருண்டு விழுந்தது.

மறுநாள் மாடி ஏறிவிட்டேன்.
கைப்பிடிச் சுவரில் நின்று
நான் வரைந்த கடலையே
கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தேன்.

இரண்டு மாதம் ஒருதடவைகூடத் திரை போகவில்லை.
பதினொரு வீடு முடித்துக் கொடுத்தேன்.
பாம்பனில் ஆல்பம் போடும் சவேரியாரிடம்
ரப்பரின் மகிமையைச் சொன்னேன்.
அவரும் தேய்த்தார்; கேட்கவில்லை.
சரியாகத் தேய்த்திருக்க மாட்டார்.

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்து
டோக்கன் வாங்கி விசைப்படகுகள் புறப்பட்ட அன்று
விடிய நாலு மணிக்கு
வேறொருவர் வீட்டு அடுப்பங்கரையில்
திரை போனது.

நோட்டை எடுத்தேன்.
திங்கள் 4.10. புதன் 3.55. சனி 4.20. திங்கள் 4.05.
செவ்வாய் இல்லை. வியாழன் இல்லை.
ஞாயிறு ஒன்று; அது நான் வயரை உதைத்தது.
ராத்திரி பத்துக்கு ரெண்டர் போட்டால்
நாலு மணிவாக்கில் வருவது படிக்கட்டு.
அவ்வளவுதான் படிக்கட்டின் குற்றம்.

பின்சுவருக்கு அந்தப்பக்கம்
ஐஸ் பிளான்ட்டின் மோட்டார் உறுமி எழுந்தது.
என் டியூப்லைட் ஒருதரம் சிமிட்டியது.
எத்தனை வருஷமாய்ச் சிமிட்டுகிறதோ.

காலையில் ஊர்க்காவலனிடம் போய்ச் சொன்னேன்,
உங்க மிஷின் எங்க வீடுகளை அணைக்குது என்று.
ஐஸ் உடைக்கும் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு
எந்த வீடு, என்றார்.
போனில் காட்டினேன்.
படி ஏறி மாடியில் நின்றதும்
இதுல கடல் எந்தத் திசை, என்றார்.
கிழக்கு, என்றேன்.
ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
இன்னொரு தடவை பார்த்தார்.
“அந்த இடத்துலதானே எங்க முதலாளி
குளிர்பதனக் கிடங்கு எழுப்புறாரு.
நாப்பது அடி உயரம்.
இத விட ரெண்டு மடங்கு கரண்டு இழுக்கும் பாருங்க.”

ராமநாதபுரம் போய்
மூன்றாயிரத்து எண்ணூறுக்கு ஸ்டெபிலைசர் வாங்கினேன்.
கார்டுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தேன்.
திங்கள் போகவில்லை. புதனும் போகவில்லை.

வியாழன் அன்று நெய்னாவின் வீட்டுக் கோப்பைத் திறந்து
கிழக்கே ஒரு சாம்பல் பெட்டியை வைத்தேன்,
நாற்பது அடி.
மாடியில் நின்று பார்த்தேன்.
சேமிக்கவா என்று கேட்டது.

போன் அடிக்கிறது.
ஷார்ஜா.