கடைசி நாள் வெள்ளி

ஒரே வாரத்தில் மூன்று அறிவிப்புகள்.
இயற்பியல் துறைக் குழுவில் டாக்டர் ஸல்வா அனுப்புவார்,
கீழே யாரோ ஒரு கட்டைவிரலை நிறுத்துவார்கள்,
அதோடு சரி.

சியாங் மாயில் பத்து நாள் கோடைப் பள்ளி.
ஒளி மாறும் விண்மீன்களை இரவெல்லாம் அளக்கலாம்.
கட்டணம் முந்நூற்றைம்பது வெள்ளி,
பயணச் செலவு தனி.
கோலாலம்பூரில் இளங்கலை மாணவர்களின் ஆய்வரங்கு.
சொல்ல ஏதாவது இருந்தால் ஒரு சுவர் தருவார்கள்,
மதியச் சோறும் உண்டு.
போர்ட் டிக்சன் கடற்கரையில் கிரகண இரவு.
இலவசம்.
திரும்பிவரத்தான் பஸ் இல்லை.

எல்லாவற்றுக்கும் கடைசி நாள் வெள்ளி.

எங்கள் சுங்காயில் அந்தச் சொல்லுக்கு
வேலை கொஞ்சம் அதிகம்.
கிழமையும் அதுதான், காசும் அதுதான்,
ஆலைப் புகைபோக்கிக்கு இடப்புறம்
ஏழே முக்காலுக்குத் தெரிவதும் அதுதான்.
வெள்ளியும் தேயும் என்று
முதலாண்டில் தொலைநோக்கியில் பார்த்தேன்.
அப்பாவின் சம்பளச் சீட்டில்
அதற்கு முன்பே.

விடுமுறைக்கு நான் எடைமேடைக் கிராணி.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமையாய் ஏறும், எழுதுவேன்.
கழித்தால் குலையின் எடை.
கழிக்க முடியாதது சந்திரபோசின் வாய்:
"நேத்து வெறும் லோரி நாலாயிரத்து நூறு,
இன்னிக்கி நாலாயிரத்து நூத்தி அறுபதா?
ராவோட ராவா
லோரிக்குப் புள்ள உண்டாச்சாம்மா?"

அந்த அறுபது கிலோ
அவர் கூலியில் விழும் ஓட்டை.
அன்றிலிருந்து பதிவேட்டின் பின்பக்கத்தில்
அவர் லோரி மட்டும்:
நேரம், மழை, டயரில் சேறு, வெறும் எடை.
பத்தொன்பது நாள்.
மழை நாளில் சேறுதான், சந்தேகமில்லை.
ஆனால் காய்ந்த மத்தியானங்களிலும்
இருபது கூடியது.
வெயிலா, கருவியா, என் கண்ணா,
இன்னும் தெரியவில்லை.

வெள்ளி பன்னிரண்டரைக்கு
என்சிக் ரொஸ்லி தொழுகைக்குப் போக,
கேட் சாத்தி, ஆலை இரைச்சல் இறங்கி,
இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைத்தது.
போனில் கோடு விழும் இடம்
மேடையின் நட்டநடுவில் மட்டும்.
அங்கேயே குடை விரித்து உட்கார்ந்தேன்.

பெயர்: துர்க்கேஸ்வரி. இரண்டாம் ஆண்டு.
பாஸ்போர்ட்: உண்டு, அண்ணன் கல்யாணத்துக்கு ஹாட்ஜாய் போனபோது எடுத்தது.
ஆய்வு அனுபவம்:

இல்லை என்று அடித்தேன்.
அழித்தேன்.
இல்லை என்று மறுபடி அடித்தேன்.

நிமிர்ந்தால் அறைக் கண்ணாடிக்குள் சிவப்பு எண்:
40.
என் எடை நாற்பத்தெட்டு.
அறுபது டன் தாங்கும் மேடை அது,
இருபதுக்குக் கீழே எண்ணத் தெரியாது.
மீதி எட்டுக் கிலோவை
அது பொய்யாக மறைக்கவில்லை,
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த மத்தியான இருபது
ஒரே ஒரு படி.
உண்மையாகவும் இருக்கலாம்,
வெறும் தடுமாற்றமாகவும்.

அழித்துவிட்டு அதை எழுதினேன்.
ஒரு லோரி, பத்தொன்பது நாள்,
எனக்குத் தெரிந்தது இது,
தெரியாதது இது,
ஆயிரம் லோரி கிடைத்தால் சொல்ல முடியும்.
விண்மீன் பற்றி ஒரு வரிகூட வரவில்லை.
வந்திருக்க வேண்டுமோ என்னவோ.

அதே பத்தியைச் சுருக்கி
கோலாலம்பூருக்கும் அனுப்பினேன்.
போர்ட் டிக்சனுக்குப் பெயர் மட்டும் கொடுத்தேன்,
பஸ்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
சியாங் மாயில் அப்போது
நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னதாக இருந்தது,
அவர்களின் வெள்ளி இன்னும் இளசு.
இரண்டு ஞாயிறு ஓவர்டைம் பார்த்தால்
கட்டணம் பாதி தேறும்.
மீதிப் பாதி
விண்ணப்பத்தில் கேட்கப்படவில்லை.

ஹோர்ன் சத்தம்.
கேட் திறந்துவிட்டார்கள்.
"தள்ளும்மா, உன்னையும் சேத்து எடை போட்டுறப் போற!"
குடையை மடக்கி இறங்கினேன்.

சிவப்பு எண் உடனே பூஜ்யத்துக்கு வரவில்லை.
நான்கு நொடி
நான் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.
லோரி ஏறுவதற்குள்
அதையும் பின்பக்கத்தில் குறித்தேன்.